குளிர்கால மாலைக்கு ஆட்டுக்கால் சூப்

கார்த்திகை தீபம் கழிந்து ஒரு வாரம் போனால் நம் ஊர் மாலைகளின் குணமே மாறிவிடும். ஐந்தே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்கிறது. ஏழு மணிக்கு வாசலில் நிற்பவர் துண்டை எடுத்துக் காதை மூடிக்கொள்கிறார். தெருமுனையில் சூப் வண்டிக்காரர் அண்டாவைத் திறக்கிறார். ஆவியோடு மிளகு வாசனையும் கிளம்பி, நடந்து போகிறவரை நிறுத்திவிடுகிறது. அந்தச் சூப்பை வீட்டில் வைப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

வண்டி சூப்பை நான் குறை சொல்லமாட்டேன். மாலை ஆறு மணிச் சூப்புக்காகக் காலையிலேயே அடுப்பு மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைப்பக்குவம் பெரியது. ஆனால் சில இடங்களில் சோளமாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குகிறார்கள். அப்போது நாம் குடிப்பது மாவுக் கஞ்சி. ஆட்டுக்கால் சூப்புக்குத் தானாகவே ஒரு கனம் உண்டு. மாவு கேட்கிற சூப் என்றால் எலும்பு வேகவில்லை என்று பொருள்.

சூப் என்ற சொல்தான் நமக்குப் பிந்தி வந்தது. கோழிச்சாறு, எலும்பு ரசம், நண்டு ரசம் எல்லாம் நம் அடுப்பில் எப்போதும் இருந்தவை. இஸ்லாமியர் வீடுகளில் இதே காலைப் பாயாவாக வைத்து ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் ஊற்றுகிறார்கள். மதராஸுக்கு வந்த ஆங்கிலேயர்கள் நம் மிளகுத்தண்ணியைக் குடித்துப் பழகி, அதில் கறியும் சேர்த்து, முல்லிகட்டானி என்ற பெயரில் தங்கள் ஊருக்கே கொண்டு போனார்கள். ஆக, குளிருக்குச் சாறு வைத்துக் குடிக்க யாரிடமும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது வரிசையை மட்டும்தான். எலும்புக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். மிளகுக்குச் சில நிமிடம் போதும். இரண்டையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூடுவதால்தான் பல வீடுகளில் சூப் சப்பென்று ஆகிறது.

கால் வாங்குவது

நான்கு கால் சேர்ந்தது ஒரு செட். ஆறு பேர் ஆளுக்கொரு டம்ளர் குடிக்க ஒரு செட் போதும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது. கூட்டமில்லாத நாளில் போனால் கடைக்காரர் நின்று நிதானமாக வாட்டித் தருவார். எனக்கு அதுதான் பிடிக்கும்.

வாட்டுவது என்றால் முடி கருகும்வரை தீயில் காட்டுவது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. தோலை உரித்துவிட்டுத் தரட்டுமா என்று சில கடைகளில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தச் சூப்பின் உயிர் தோலிலும் நரம்பிலும்தான் இருக்கிறது. ஆட்டின் முழங்காலுக்குக் கீழே கறி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. தோல், நரம்பு, குருத்தெலும்பு, எலும்பு அவ்வளவுதான். தோலையும் எடுத்துவிட்டால் வெறும் எலும்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

வாட்டிய காலை முகர்ந்து பாருங்கள். முடி கருகிய வாசனை இருக்கும். அது கழுவினால் போய்விடும். ஒருமுறை நான் அவசரத்தில் முகர்ந்து பார்க்காமல் வாங்கி வந்த கால்களில் மண்ணெண்ணெய் வாடை ஏறியிருந்தது. மூன்று தண்ணீரில் கழுவியும், மஞ்சள் தேய்த்தும் போகவில்லை. அத்தனையையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கடையிலேயே முகர்ந்துவிடுகிறேன். கடைக்காரர் தவறாக நினைக்கமாட்டார்.

குளம்பைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். காலை மூன்று துண்டாகப் போடச் சொல்லுங்கள். ஒரே வெட்டில் விழுந்த துண்டாக இருக்க வேண்டும். கொத்திக் கொத்தி உடைத்தால் எலும்புச் சில்லு சூப் முழுக்கப் பரவும், தொண்டையில் குத்தும். இளம் ஆட்டின் கால் சீக்கிரம் வேகும். முற்றிய ஆட்டின் கால் நேரம் எடுக்கும், சாறு மட்டும் கூடுதல் ருசியாக இருக்கும். இரண்டில் எது என்று கடைக்காரரிடமே கேட்டுவிட்டால் அடுப்பில் வைக்கும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கழுவுவது

கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கத்தி முனையால் கருகிய மேல்தோலைச் சுரண்டுங்கள். குளம்பு இருந்த இடத்தின் இடுக்கில் முடி ஒளிந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். ஒன்றிரண்டு முடி பிடிவாதமாக நின்றால் அடுப்புத் தீயில் இடுக்கியால் பிடித்துக் காட்டிப் பொசுக்கிவிடுங்கள். பிறகு மஞ்சள்தூளும் கல் உப்பும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும்.

அடுத்தது பலர் விட்டுவிடும் வேலை. கழுவிய துண்டுகளைப் பாத்திரத்தில் போட்டு, மூழ்கத் தண்ணீர் விட்டு, ஒரு கொதி வந்த பின் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிடுங்கள். சாம்பல் நிற நுரையும் அழுக்கும் கவிச்சியும் அதோடு போய்விடும். சத்தெல்லாம் போய்விடுமே என்று அம்மாக்கள் தடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் எலும்பு எதையும் விட்டுக்கொடுக்காது. அது மணிக்கணக்கில் மனம் இறங்கும் பொருள்.

எலும்பு மட்டும் வேகட்டும்

ஐந்து லிட்டர் குக்கரில் கால் துண்டுகள், இரண்டு லிட்டர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், நசுக்கிய இஞ்சித் துண்டு ஒன்று, தோலோடு நசுக்கிய பூண்டு நான்கு பல். இந்தக் கட்டத்தில் வேறு எதுவும் வேண்டாம். உப்பும் வேண்டாம், சாறு சுண்டிய பிறகு போட்டால்தான் அளவு தவறாது. குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது. வெயிட் உட்காரும் குழாயை ஒருமுறை ஊதிப் பார்த்துவிடுங்கள். ஆட்டுக்கால் நுரைத்துப் பொங்கும், பிசுக்கு அந்தத் துளையில் ஏறி அடைத்துக்கொண்டால் ஆபத்து.

முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நாற்பத்தைந்து நிமிடம். முற்றிய கால் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். எத்தனை விசில் என்று கேட்காதீர்கள். ஒரு வீட்டுக் குக்கர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு விசில் அடிக்கும், இன்னொன்று பத்து நிமிடத்துக்கு ஒன்று. கடிகாரத்தை நம்புங்கள். அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக இறங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பொறுமை தானாக வரும். தோலையும் நரம்பையும் இழுத்துக் கட்டியிருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்டிருக்கும் அமைப்பு அது. தண்ணீரும் சூடும் நெடுநேரம் சேர்ந்து வேலை செய்தால் அந்த முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிச் சாற்றில் கரைகிறது. நாம் சொல்லும் கனம் அதுதான். குக்கருக்குள் சூடு 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவதால் முக்கால் மணியில் நடக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். விறகடுப்பில் மண்சட்டியில் சிறு தீயில் வைப்பவர்களுக்கு என் வணக்கம். அந்தச் சாறு குக்கர் சாற்றைவிடத் தெளிவாக இருக்கும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கிவிடும். முணுமுணுவென்று கொதித்தால் கலங்காது.

வெந்ததற்கு அடையாளம் மூன்று. கரண்டியால் தொட்டாலே தோல் எலும்பை விட்டு நழுவும். ஒரு சொட்டை விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் பசை போல ஒட்டும். ஒரு வாய் குடித்துவிட்டு உதடுகளைச் சேர்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதுதான் நான் நம்புவது. ஒட்டவில்லை என்றால் மறுபடி மூடி, இன்னும் இருபது நிமிடம்.

இப்போது சாற்றைக் கண் நெருக்கமான வடிகட்டியில் ஊற்றி வடித்துவிடுங்கள். குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது. துண்டுகளை எடுத்து நன்றாகப் பார்த்துவிட்டு, சில்லு இல்லாதவற்றைத் திரும்பச் சேர்க்கலாம்.

மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு

குளிர் உண்மையிலேயே கடிக்கிற ஊர்கள் நமக்கு மேலேதான் இருக்கின்றன. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். சூப் அதிகம் தேவைப்படும் அந்த ஊரிலேயே எலும்பு வேக அதிக நேரமும் ஆகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று நாம் நினைப்போம், உள்ளே போதுமான சூடு இருக்காது. குக்கரும் சமவெளியைவிட நான்கு டிகிரி அளவுக்குக் குறைவாகத்தான் ஏறும்.

எனக்கு இது தெரியாத காலத்தில், குன்னூரில் ஒரு ஜனவரி மாலை, விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு குக்கரைத் திறந்தேன். மதுரையில் நாற்பது நிமிடத்தில் வெந்த கால் அங்கே ரப்பர் போல இருந்தது. மறுபடி ஏற்றி இறக்க எட்டரை மணி ஆகிவிட்டது. ஊட்டி, கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்கள் நான் சொன்ன நேரத்தோடு கால் மணி முதல் இருபது நிமிடம் வரை சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் வைக்கும் எண்ணத்தை அங்கே விட்டுவிடுவதே நல்லது; எரிவாயுவுக்குக் கட்டுபடியாகாது.

மசாலா சேரும் நேரம்

இருபது சின்ன வெங்காயத்தை உரித்து, பாதியை நறுக்கி, பாதியை இடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வெங்காயம் போட்டால் இனிப்பு தட்டும். ஆறு பல் பூண்டு, அதன் அளவுக்கு இஞ்சி, இரண்டையும் ஒன்றிரண்டாக நசுக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி மல்லி விதை, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி சோம்பு மூன்றையும் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்துப் பொடியுங்கள். மிளகு இரண்டு தேக்கரண்டி. அதை வறுக்கவும் வேண்டாம், இப்போதே பொடிக்கவும் வேண்டாம்.

வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய். சிறு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் இடித்ததைச் சேர்த்து, பூண்டு இஞ்சி சேர்த்துப் பச்சை வாசனை போக வதக்கி, ஒரு நாட்டுத் தக்காளியைப் பிழிந்துவிடுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். புளிப்பு தூக்கினால் அது ரசமாகிவிடும். தக்காளி கரைந்ததும் பொடித்த மசாலாவைப் போட்டு ஒரு புரட்டு புரட்டி, வடித்த சாற்றை ஊற்றி, உப்புப் போட்டு, மிதமான தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மிளகாய்த்தூள் வேண்டவே வேண்டாம். மிளகாயின் காரம் நாக்கைச் சுடும். குளிருக்கு நாம் தேடுவது தொண்டையிலும் நெஞ்சிலும் மெல்ல இறங்கும் காரம். அது மிளகிடம்தான் இருக்கிறது.

மிளகைக் கடைசி ஐந்து நிமிடத்தில் உரலில் கொரகொரப்பாக இடித்துப் போடுங்கள். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் கொதியில் அழியாது. எனவே முன்னதாகப் போட்டாலும் காரம் இருக்கும், வாசனைதான் இருக்காது. அந்த வாசனை எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது, ஆவியோடு அது கூரைக்குப் போய்விடும். பாக்கெட் மிளகுத்தூளில் அந்த எண்ணெயின் பெரும்பகுதி கடையிலேயே போய்விட்டது. ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் போகிறவர்கள் கால் கிலோ மிளகு வாங்கி வந்து காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொண்டால் குளிர்காலம் முழுக்க வரும்.

இறக்கிக் கொத்தமல்லித்தழை தூவுங்கள். பீங்கான் கிண்ணத்தைவிடக் கனமான டம்ளரே எனக்கு உகந்தது. இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாம், விரலுக்கும் சூடு கிடைக்கும். டம்ளரில் ஊற்றும் முன் அதில் வெந்நீர் விட்டு அலசிவிடுங்கள், சூப் சீக்கிரம் ஆறாது.

மீந்தால்

நல்ல சூப்பைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் தளதளவென்று உறைந்து கிடக்கும். கெட்டுப்போனதென்று கொட்டிவிட்டவர்கள் உண்டு. அது ஜெலட்டின், உங்கள் சூப் சரியாக வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. சூடாக்கினால் கரைந்துவிடும். மேலே படிந்த கொழுப்பை வேண்டாதவர்கள் அப்போது எடுத்துவிடலாம்.

குளிர்தானே என்று இரவு முழுக்க அடுப்பிலேயே விட்டுவிடாதீர்கள். சமவெளியில் மார்கழி இரவும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். எலும்புச் சாற்றில் கிருமி பெருக அது தாராளம். இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்து உள்ளே வைத்து, மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். எடுக்கும்போது வெதுவெதுப்பாக்கினால் போதாது, நன்றாகக் கொதிக்க வேண்டும். அடிக்கடி வைக்கிற வீட்டில் மசாலா சேர்க்காத சாற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டும் நாளில் தாளித்துக் கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

உடம்புக்கு

கால் சூப் குடித்தால் முட்டி தேறும், உடைந்த எலும்பு கூடும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். குடித்த ஜெலட்டின் நேராக முட்டிக்குப் போவதில்லை. மற்றப் புரதங்களைப் போல வயிற்றில் செரித்து அமினோ அமிலங்களாகிறது. எலும்பின் சுண்ணாம்புச் சத்தும் சாற்றில் கொஞ்சமே இறங்கும்; அதற்குப் பாலும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் இருக்கின்றன. ஆனால் காய்ச்சலில் நாக்கு செத்துக் கிடப்பவருக்கும், பல் இல்லாத பாட்டிக்கும், பிரசவித்த பெண்ணுக்கும் புரதமும் உப்பும் வெந்நீரும் சேர்ந்து தொண்டைக்கு இதமாக உள்ளே போகிறது. இந்தச் சூப்பை நான் மதிக்க அது போதும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்களும், சிறுநீரகச் சிக்கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுக் குடியுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்புப் போடும் முன் ஒரு டம்ளர் எடுத்து வைத்துவிடலாம்.

கறி சேர்க்காதவர்களுக்கு

கொல்லிமலையில் முடவாட்டுக்கால் என்றொரு கிழங்கு விற்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் பெரணிச் செடியின் தண்டு அது. பழுப்பு முடி போர்த்துப் பார்ப்பதற்கு ஆட்டுக்கால் போலவே இருப்பதால் அந்தப் பெயர். மேல்தோலை முடியோடு சீவி எறிந்துவிட்டு, பச்சையான உள்பகுதியைத் துண்டாக்கி, வெங்காயம் சீரகத்தோடு அரைத்துக் கொதிக்க வைத்து வடிகட்டினால் சாறு ஆச்சரியமாகக் கறிச்சாற்றின் ருசியில் இருக்கும். காட்டுச் செடி என்பதால் தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

கிழங்கு கிடைக்காத ஊரில் கொள்ளு இருக்கிறது. நூறு கிராம் கொள்ளை வறுத்து, இரவு ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் குழைய வேகவைத்து, பாதியை மசித்து அந்த நீரிலேயே கரைத்து, மேலே சொன்ன தாளிப்பையே சேருங்கள். கொங்கு நாட்டில் குளிருக்கு இதுதான் முதல் மருந்து.

காலோ, கிழங்கோ, கொள்ளோ, எதுவானாலும் சாறு சிறு தீயில் சூடு ஆறாமல் காத்திருக்கும். வேலைக்குப் போனவர், டியூஷனுக்குப் போன பிள்ளை எல்லாரும் வரட்டும். கை கால் கழுவட்டும். அதன் பிறகே உரலை எடுத்து மிளகை இடியுங்கள்.